யாரைச் சீண்டுகிறது இந்தக் கலை?

(திருவனந்தபுரம் தம்பானூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம்பானூர் என்றால் நம்மில் பலருக்கு ரயிலைவிட்டு இறங்கும் இடம், நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம். அப்படிக் காத்து நிற்கிற நேரத்தில் பஸ் நிலையத்தை ஒட்டி இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழையாதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். இன்று பேச வந்த விஷயத்தை அந்தக் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறேன். படியே கிடையாது. உள்ளே போனதும் தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவர் பூச்சு இல்லாத செங்கல். ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்கல் விடுபட்ட துளைகள் வழியே காற்றும் தெருவின் இரைச்சலும் வெளிச்சமும் வந்துகொண்டே இருக்கும். சுவரோரமாக மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. தரை சாய்ந்து ஏறுகிறது. நம் காபி டம்ளர் மட்டும் சாயாமல் நிற்கிறது. லாரி பேக்கர் கட்டியது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, இந்த நாட்டின் குடிமகனாகி, 2007இல் இதே ஊரில் மறைந்தவர்.

அந்தச் சுவரைப் பூசாமல் விட்டது அந்தக் காலத்தில் ஒரு சீண்டல்தான். பூச்சும் வெள்ளையும் கான்கிரீட்டும்தான் நாகரிகம், பூசாத சுவர் ஏழையின் சுவர் என்று நம்பிய ஊரின் நடுவில், நகரத்துக்குள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில், ஏழையின் சுவரையே அழகாகக் கட்டிக் காட்டினார் அவர். கட்டிய இடமும் பொருத்தமானது. காபி போர்டு வேலையைவிட்டு அனுப்பிய தொழிலாளிகள், ஏ.கே. கோபாலன் முன்னின்று வழிகாட்ட, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்திய கடைகள் இவை. கேரளத்தில் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறந்தது.

மரபை மீறும் கலை, ஆத்திரமூட்டும் கலை என்று பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: இதெல்லாம் கலையா? இந்தக் கேள்வியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும், ஒன்றும் விளங்காது. நான் கேட்டுப் பார்ப்பது வேறு. இந்தப் படைப்பு யாரைச் சீண்டுகிறது? சீண்டியதற்கு விலை கொடுத்தவர் யார்?

உலகம் அறிந்த இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். 1917இல் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சிக்கு மார்செல் துஷாம் ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியை அனுப்பினார். அதில் 'ஆர். மட்' என்று ஒரு பொய்க் கையெழுத்து. நடுவர் கிடையாது, கட்டணம் கட்டியவர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அறிவித்த கண்காட்சி அது. அதை மட்டும் வைக்க மறுத்துவிட்டார்கள். தங்களை முற்போக்கு என்று சொல்லிக்கொண்டவர்களின் எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தொட்டி காட்டிக்கொடுத்தது. அது சீண்டல். நூறு வருஷம் கழித்து, 2019இல் மியாமி கலைச் சந்தையில் மவுரிசியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். அதன் ஒரு பிரதி 2024 நவம்பரில் சாதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கிய கிரிப்டோ செல்வந்தர் பத்திரிகையாளர்கள் முன்னால் பழத்தை உரித்துத் தின்றார். பணக்காரர்களின் கலைச் சந்தையைக் கேலி செய்வதாகச் சொன்ன பொருள், அந்தச் சந்தையின் விலையுயர்ந்த பண்டமாகவே ஆகிவிட்டது. யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. சாதபீஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; திருவனந்தபுரத்தில் படித்த பையன் ஒருவன் அதே பெயரோடு மோதிய கதை பின்னால் வருகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1969இல் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழா அணையின் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் ஒரு யட்சியைச் செய்தார். காசர்கோடு பக்கம் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, லண்டன் ஸ்லேட் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்தவர். மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் 30 அடி உயரப் பெண். உடம்பில் ஒட்டுத் துணி கிடையாது. கால்களை அகற்றி நீட்டியிருக்கிறாள், கைகள் மேலே உயர்ந்து கூந்தலுக்குள் போகின்றன, கண்கள் பாதி மூடியிருக்கின்றன. பார்க்க வருகிறவனை அவள் பொருட்படுத்தவே இல்லை. ஜனங்களுக்குக் கோபம் வந்ததற்கு அவளுடைய அம்மணத்தைவிட இந்த அலட்சியமே காரணம் என்பது என் எண்ணம். சினிமா போஸ்டரில் பெண்ணுடம்பைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, பார்ப்பவனுக்காக நெளியாத ஒரு பெண்ணுடம்பு தாங்க முடியாததாக இருந்தது. செய்யும்போதே எதிர்ப்பு கிளம்பியது. அவர் விடவில்லை. சிலையின் ஐம்பதாவது ஆண்டில், 2019இல், அதைப் புதுப்பிக்க அவரையே அழைத்தார்கள்.

அடுத்தவள் இதே ஊரில் சங்குமுகம் கரையில் படுத்திருக்கிறாள். சாகரகன்யகா, 87 அடி நீளம். உலகின் மிகப் பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்று கின்னஸ் ஏடு பதிவு செய்தது. வேலை பாதியில் இருந்தபோது ஆபாசம் என்று சொல்லித் தடுத்தார்கள். அன்றைய முதலமைச்சர் கருணாகரன் தலையிட்ட பிறகே முடிக்க முடிந்தது என்று கானாயி சொல்லியிருக்கிறார். சாயங்காலம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனித்துப் பார்க்கலாம். குழந்தைகள் அவளைச் சுற்றி ஓடுகிறார்கள், கடலைக்காரர் அவளுக்கு எதிரே கடை போட்டிருக்கிறார். கெட்டுப்போனவர்கள் யாரும் இல்லை.

இந்த இடத்தில் நாஞ்சில் நாட்டுக்காரனாக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நாகர்கோவிலும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரிலிருந்து ஆளப்பட்டவை. எங்கள் பாட்டிகளின் பாட்டிகளுக்கு மார்பை மறைக்க உரிமை கிடையாது. மேல்சீலை போட்ட நாடார் பெண்களைச் சந்தையில் இழுத்து வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1829இல் திருவிதாங்கூர் அரசே பிரகடனம் போட்டு மேல்சீலையைத் தடுத்தது. பிறகும் முப்பது வருஷம் அடி, தீ, வழக்கு. 1859 ஜூலையில்தான் குப்பாயமோ முரட்டுத் துணியோ போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அரைகுறையாக ஓர் உத்தரவு வந்தது. உயிருள்ள பெண்களின் மார்பு திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட நாட்டில், அந்த அரைகுறை உத்தரவு வந்து ஒன்றேகால் நூற்றாண்டுகூட ஆகாத நிலையில், சிமெண்டுப் பெண்ணின் மார்பைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். அன்றும் இன்றும் பிரச்சினை துணியல்ல. பெண்ணின் உடம்பு எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் என்பதுதான். கானாயியின் யட்சி அந்த அதிகாரத்தைச் சீண்டினாள். அதனால்தான் அவள் எனக்கு முக்கியம்.

கோயில் தேரின் மரச் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அம்மணம் நமக்குப் புதிதல்ல என்பது தெரியும். ஆனால் அந்த வாதத்தோடு நான் நின்றுவிட விரும்பவில்லை. பழையதில் இருக்கிறது, ஆகவே புதியதிலும் இருக்கலாம் என்பது சோம்பேறி வாதம். பழையதில் இல்லாததையும் செய்யக் கலைஞனுக்கு உரிமை வேண்டும்.

கானாயி பிற்பாடு இங்கே பாளையத்தில் இருக்கும் ஓவியக் கல்லூரியில் ஆசிரியரானார். பழைய ஓவியப் பள்ளி 1975இல் கல்லூரியாக மாறிய சமயம். எழுபதுகளின் பின்பாதியில் அங்கே படித்த பிள்ளைகள் பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் எதிர்த்துப் போராடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கே.பி. கிருஷ்ணகுமார், 1958இல் குற்றிப்புறத்தில் பிறந்தவர். இங்கிருந்து சாந்திநிகேதன் போனார், அங்கிருந்து பரோடா. ஃபைபர் கிளாஸிலும் பிளாஸ்டரிலும் மனித உருவங்களைச் செய்து வண்ணம் தீட்டினார். பளபளப்பு கிடையாது. முகமும் கையும் பெரிதாக, ஏதோ சொல்ல வந்து தொண்டையில் நின்றதுபோல இருக்கும். காதில் கையைக் குவித்து எதையோ கேட்கும் ஒரு சிறுவன், ஒரு திருடன், ஒரு வாஸ்கோடகாமா. 1987 மார்ச்சில் இவரும் நண்பர்களும் பரோடாவில் 'கேள்விகளும் உரையாடலும்' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பெரும்பாலும் மலையாளிப் பையன்கள். கூட இருந்த அனிதா தூபே அதற்கு ஓர் அறிக்கை எழுதினார். இந்தியக் கலை செல்வந்தரின் வரவேற்பறைக்கு அலங்காரமாகிவிட்டது, வெளிநாட்டுச் சந்தைக்காகக் கதை சொல்கிறது என்று அது குற்றம்சாட்டியது. பெயர் சொல்லியே தாக்கியதால் பகையும் சம்பாதித்தார்கள்.

1989இல் பம்பாயில் சாதபீஸ் நிறுவனம் இந்தியக் கலையை ஏலம் விட வந்தது. கிருஷ்ணகுமாரும் தோழர்களும் அதை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிட்டு விநியோகித்தார்கள். கையில் காசில்லாத பிள்ளைகள். படைப்பை விற்றால்தான் சோறு என்ற நிலையில் இருந்தவர்கள், படைப்பு சரக்காவதை எதிர்த்தார்கள். பிறகு ஓவியத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகலாம் என்று திருச்சூர்ப் பக்கம் போனார்கள். அதற்கும் சூழல் வாய்க்கவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் கிருஷ்ணகுமார் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 31. குழு அதோடு கலைந்தது. அவர் சாவைப் புனிதமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னும் முப்பது வருஷம் சிற்பம் செய்திருக்க வேண்டிய கைகள் அவை. அதை இழப்பு என்று மட்டுமே சொல்வேன். 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய முதல் கொச்சி பினாலேயில் அவருடைய சிற்பங்கள் வைக்கப்பட்டன. 2018இல் அதே பினாலேக்குப் பொறுப்பேற்று நடத்தியவர் அனிதா தூபே.

அதே கல்லூரியில் படித்த இன்னொருவர் என்.என். ரிம்சன். பரோடாவுக்கும் லண்டனுக்கும் போய் வந்து இங்கேயே ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஒரு படைப்பைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 1995இல் செய்தது. 'நூற்றெட்டு அடிக்கு அப்பால்' என்று தமிழில் சொல்லலாம். தரையில் மண்பானைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. சந்தையில் வாங்குகிற சாதாரணப் பானைதான். பானைகளோடு வைக்கோல் துடைப்பங்கள், கயிறு. அவ்வளவே. வண்ணம் இல்லை, உருவம் இல்லை. பார்க்கிறவர் ஒரு பானையிலிருந்து அடுத்த பானைக்கு நடந்துபோகிறார். நடக்க நடக்கத்தான் விஷயம் உறைக்கும். தாழ்த்தப்பட்டவர்கள் தெருவில் போகும்போது எச்சில் மண்ணில் படக்கூடாது என்று கழுத்தில் பானை. காலடித் தடம் இருக்கக்கூடாது என்று பெருக்கிக்கொண்டே போகத் துடைப்பம். நாட்டின் சில பகுதிகளில் இருந்த கொடுமை அது. நம் பகுதியில் பானை இல்லாவிட்டாலும் அடிக்கணக்கு இருந்தது. எந்தச் சாதிக்காரன் எந்தச் சாதிக்காரனிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று அளந்து வைத்திருந்தார்கள். அந்தப் பானை வரிசையின் ஓரமாக நிற்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிவருகிறது. யாரையும் திட்டாத, ஒரு கடவுளையும் இழுக்காத, ஓர் உடம்பையும் காட்டாத இந்தப் படைப்பைப்போல என்னை உலுக்கியது வேறில்லை. வாழைப்பழத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கடைப் பொருள்தான்.

ரிம்சனின் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் செய்த 'உள்குரல்'. ஆடையில்லாத ஓர் ஆண் நிமிர்ந்து நிற்கிறான்; அவனைச் சுற்றி அரைவட்டமாக இரும்பு வாள்கள். எங்கள் சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நிற்கும் உருவம் அந்நியமாக இருக்காது. அது எந்த வருஷம் என்று பாருங்கள். அந்த டிசம்பரில் அயோத்தியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த கோளாறு என்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1888இல் நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து சிவன் என்று நிறுவினார். சாதாரணக் கல், எடுத்து வைத்த கையும் வைத்த இடமும்தான் அதை மாற்றின. பிரதிஷ்டை செய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அந்தக் கல்லோடு சேர்ந்து நின்றது. துஷாமின் தொட்டிக்கு 29 வருஷம் முந்தியது இது. 1893இல் அய்யன்காளி வெள்ளை உடுத்து, தலைப்பாகை கட்டி, மணி கட்டிய வில்வண்டியில் ஏறி, புலையர் நடக்கக்கூடாத பொதுவழியில் போனார். உடையும் வண்டியும் பாதையும் ஒன்றுசேர்ந்து ஊரை உலுக்கின. இவை இரண்டுக்கும் முன்னால் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் சிலை வைக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்தார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு அந்தக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னார். அவரைப் பிடித்து வந்து இதே திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். இவர்களைக் கலைஞர்கள் என்று அழைத்துச் சிறுமைப்படுத்த மாட்டேன். அவர்கள் செய்தது அதைவிடப் பெரிது. ஆனால் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்து ஓர் உலகத்தையே கேள்வி கேட்கும் வித்தை பாரிஸிலிருந்து நமக்கு வரவேண்டியிருக்கவில்லை.

மறுபக்கத்தையும் பேசவேண்டும். நம்பிக்கை புண்படுகிறது என்கிறவர்களின் வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று கண் கலங்கித் திரும்பி நடக்க ஒருவருக்கு உரிமை உண்டு. கண்டித்து எழுத, கூட்டம் போட, வாங்காமல் இருக்க உரிமை உண்டு. நான் மறுப்பது ஒன்றைத்தான்: எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே நீயும் பார்க்கக்கூடாது என்பதை. 2007இல் கேரள அரசு ஓவியர் எம்.எஃப். ஹுசேனுக்கு ராஜா ரவிவர்மா விருது அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முந்தைய வருஷமே நாட்டைவிட்டுப் போயிருந்த அந்தப் பெரியவர் 2010இல் கத்தார் குடிமகனாகி, 2011இல் லண்டனில் இறந்தார். கடைசிவரை திரும்பி வரமுடியவில்லை. 2008 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அவர்மீதான ஆபாச வழக்குகளை ரத்து செய்திருந்தார். தீர்ப்பு வந்தும் பயன் இல்லாமல் போனது. தமிழர்களான நமக்கு அந்த நீதிபதி அந்நியரல்ல. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து பெருமாள்முருகனின் மாதொருபாகன் வழக்கில் எழுத்தாளன் பக்கம் நின்றவர் அவரே. முருகன் மறுபடியும் எழுத வந்தார். ஒருவரைக் காப்பாற்ற முடிந்தது, ஒருவரை முடியவில்லை.

அதே 2016 டிசம்பரில் இங்கே பாஷாபோஷிணி இதழ், மாதா ஹரியைப் பற்றிய ஒரு நாடகத்தோடு டாம் வட்டக்குழியின் ஓவியத்தை வெளியிட்டது. கடைசி இராவுணவை நினைவூட்டும் அமைப்பில் கன்னியாஸ்திரீகள், நடுவில் ஆடை விலகிய பெண். திருச்சபை தரப்பிலிருந்து கண்டனம் எழுந்ததும் இதழைத் திரும்பப் பெற்றார்கள். மரணதண்டனைக்குப் போகும் பெண்ணின் கடைசி இரவு அந்தப் படத்தில் எவ்வளவு இரக்கத்தோடு வந்திருக்கிறது என்று பேசுவதற்கே வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்த மதம், இந்த மதம் என்று இதில் வித்தியாசம் பார்ப்பவன் அல்ல நான்.

தடையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நம் அசிரத்தை. 2020இல் சங்குமுகத்தில் சாகரகன்யகாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடலையும் மணலையும் சிற்பத்தையும் ஒரே காட்சியாக எண்ணி அமைத்தவர் கானாயி. அந்தக் காட்சி போனது. வேளியிலும் அவருடைய படைப்புகளுக்கு இடையில் கண்டபடி கட்டினார்கள். 85 வயதில், 2023 ஜனவரியில், வாங்கிய விருதுகளைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் அறிவித்தார். எதிர்ப்பவர்கள் வந்து நின்ற காலத்தில் அந்தச் சிலையைச் சுற்றி ஒரு விவாதமாவது நடந்தது. ஹெலிகாப்டர் வந்தபோது அதுவும் இல்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைக்காமல் காக்கும்படி கேட்கும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. பிய்த்தெடுத்ததிலிருந்து தீர்ப்புவரை கால் நூற்றாண்டு. ஒவ்வொரு சிற்பியும் முதுமையில் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இந்த அவையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த நகரத்தில் பொது இடங்களில் இருக்கும் படைப்புகள் எவை, செய்தவர் யார், செய்த வருஷம் எது, இன்றைய நிலை என்ன என்று ஒரு பதிவேடு வேண்டும். செய்தவரையோ அவர் குடும்பத்தையோ கேட்காமல் ஒரு கம்பிவேலிகூட அருகில் போடக்கூடாது என்று விதி வேண்டும். மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், தமிழிலும் மலையாளத்திலும். வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் ஓரத்திலேயே எழுதுங்கள், சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் பதிவேட்டு வேலையை ஞாயிற்றுக்கிழமை சங்குமுகத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறார்கள். அளக்க டேப்பும், எழுத நோட்டும், கூட வர ஆட்களும் தேவை.